தோளில் ஒரு பொத்தான்

ஓட்டுநர் பள்ளியில் அவளுக்குப் 'பிரேக் அக்கா' என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்த இருக்கைதான் அவளுடைய ஆபீஸ். ஸ்டியரிங்கை வாழ்நாளில் முதன்முறையாகப் பிடிக்கிறவர்களை நம்பி, காலையிலிருந்து சாயங்காலம்வரை அதில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வருவாள். சத்தம் போட மாட்டாள். எதிரே லாரி வந்தாலும், "கொஞ்சம் ஒதுங்கிக்கலாமா?" என்பாள், பெஞ்சில் உட்கார இடம் கேட்பதுபோல. அதற்குள் கால் தன் வேலையை முடித்திருக்கும்.

கணவன் அவளுக்குக் கிடைத்ததும் அந்தக் காரில்தான். ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவை ஆலையில் அவன் இஸ்திரி ரோலரில் வேலை பார்த்தான். அவன் மடித்த விரிப்பைப் பிரிக்க மனசு வராது என்பார்கள். அதனால் 'மடிப்பு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. கார் கற்றுக்கொள்ள வந்தவன் கிளட்சை விட்ட விதத்தில் வண்டிக்கே வாழ்க்கை வெறுத்துப்போனது. ஒருநாள் அவள் சொல்லாமலே வண்டியை ஓரங்கட்டினான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு மனசுல ஒரு வியாதி இருக்கு. மாத்திரை சாப்பிட்டா நான் ஒரு ஆளு. சாப்பிடலைன்னா நாலு ஆளு."

"நாலு பேருக்குமே கிளட்ச் இப்படித்தான் வருமா?" என்று கேட்டாள்.

அவன் சிரித்துவிட்டான். லைசென்ஸ் கடைசிவரை வாங்கவில்லை. அவளைக் கட்டிக்கொண்டான்.

அவன் நாலு ஆளாக இருந்ததை அவள் பார்த்ததில்லை. அது கல்யாணத்துக்கு முந்தின கதை. பார்த்தவர் அவனுடைய அண்ணன், அவளுக்கு மூத்தார். டயர் கடை வைத்திருப்பவர். ஒரு வாரம் பொட்டுத் தூக்கமில்லாமல் இருந்த தம்பி, ஆலையிலிருந்த அத்தனை வெள்ளை விரிப்பையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தெருத் தெருவாகக் கதவைத் தட்டி, "இன்னிக்கு எல்லாரும் வெள்ளையில தூங்கணும்" என்று கொடுத்துவிட்டு வந்தானாம். பிடிக்கப் போனவர்களை உதறித் தள்ளினானாம். கடைசியில் அதே விரிப்பு ஒன்றில் அவனைச் சுற்றிக் கட்டி மனநல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர் இந்த அண்ணன்தான். அதைச் சொல்லும்போதெல்லாம் முடிச்சு இன்னும் விரலில் இருப்பதுபோல இரண்டு கையையும் பார்த்துக்கொள்வார். அன்றிலிருந்து தம்பி கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாலும் அவருக்குப் பயம் வந்துவிடும். ஒரு கலகலப்பான சினிமாவுக்குத் தம்பியோடு நிம்மதியாகப் போக முடியாத மனிதர்.

மடிப்பைக் கட்டுக்குள் வைத்திருந்த மருந்து லித்தியம். அது ஒருவகை உப்பு. ரத்தத்தில் அளவு குறைந்தால் பிரயோஜனமில்லை. கூடினால் அதுவே விஷம். நடுவில் இருக்கிற இடம் அகலமில்லாத சந்து. அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். மடிப்பின் நரம்புகளோ ஊசியைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும் சாதி. இரண்டு கையிலும் குத்தி, புறங்கையில் குத்தி, கை கன்னிப்போய்த்தான் வீடு திரும்புவான். நாளாக நாளாகச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட ஆரம்பித்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு புதுக் கருவியைச் சோதித்துப் பார்க்க ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள்தான் அவன் பெயரைக் கொடுத்தாள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். தோளுக்குக் கீழே ஒட்டினார்கள். ஒட்டுகிற பக்கத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்ணூசிகள். விரலால் தடவிப் பார்த்தபோது பூனை நக்கினதுபோல இருந்தது அவளுக்கு. அது ரத்தம்வரை போகாது, வலிக்கிற இடத்தையும் தொடாது என்றாள் ஆய்வை நடத்திய நர்ஸ். தோலுக்கு அடியில் ஊறுகிற நீரில் எவ்வளவு லித்தியம் இருக்கிறதென்று மட்டும் பார்க்கும். போனை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் எண் வரும். ஒன்றுக்குள் இருந்தால் சரி. ஒன்றரையைத் தாண்டினால் ஜாக்கிரதை. இரண்டு என்பது ஆபத்து.

"ஆனா ஒண்ணு," என்று நர்ஸ் விரலை உயர்த்தினாள். "இது இன்னும் சோதனையிலதான் இருக்கு. இந்த எண்ணை நம்பி நீங்களா மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஏறினா எனக்கு போன் பண்ணுங்க. ரத்தம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் எந்த முடிவும்."

அவன் அதற்குப் பொத்தான் என்றே பெயர் வைத்தான். குளித்துவிட்டு வந்ததும், "பொத்தான் என்ன சொல்லுது?" என்று தோளைக் காட்டுவான். அவள் போனை வைத்துப் பார்த்து, "உங்க லட்சணத்துக்கு இது போதும்னு சொல்லுது" என்பாள்.

வந்த புதிதில் பொத்தான் ஒருதடவை மானத்தை வாங்கியது. ரோலர் சூட்டில் வியர்த்து ஓரம் பிய்ந்துவிட்டது. எண் ஐந்துக்கு மேல் போய் நின்றது. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ரத்தம் எடுத்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூத்தார் அதைப் பல நாள் சொல்லிச் சிரித்தார். "பொத்தான் பேச்சைக் கேட்டு ஓடின குடும்பம் இது" என்பார். ஆனால் அவர் சிரிப்புக்கு அடியில் வேறொன்று இருந்தது. தம்பியை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியும், அதற்கு எண் எதற்கு என்பது அவர் கட்சி.

வெயில் காலம் வந்தது. ஈர விரிப்பு மூட்டையைத் தூக்கும்போது மடிப்புக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஒரு நாள் முனகினான், அப்புறம் வலி தேவலை என்று வேலைக்குப் போனான். அந்த வாரத்தில்தான் எண் மெல்ல நகர ஆரம்பித்தது. வழக்கமாக முக்காலில் நிற்பது ஒன்றைத் தொட்டது. அடுத்த நாள் ஒன்றேகால். அவள் நர்சுக்கு போன் செய்தாள். "நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில வாங்க, ரத்தம் எடுத்துடலாம்" என்றாள் நர்ஸ்.

"பொத்தானுக்கு வெயில் ஒத்துக்கல," என்றான் மடிப்பு. "அதுக்கு ஒரு விசிறி வாங்கிக் குடு."

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை, இரண்டுதரம் வெளியே போய்விட்டு வந்தான். ஆலையில் பெரிய ஓட்டல் ஆர்டர் ஒன்று, ஆள் பற்றாக்குறை. மத்தியானம் போய்க்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டான். சாப்பாட்டுப் பையை எடுக்கும்போது கை லேசாக ஆடியதை அவள் பார்த்தாள். கேட்பதற்குள் படியிறங்கிவிட்டான். அன்று மட்டும் அவள் கால் சற்றுத் தாமதித்துவிட்டது. பின்னால் இதை எத்தனை தடவை நினைத்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

முற்பகலில் அவள் காரில் கண்ணாடிக் கடைக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவர். ஆனால் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் கண்ணை மூடிக்கொள்வார். போன் அடித்தது. ரோலரில் விரிப்பின் எதிர்முனையைப் பிடித்து மடிப்போடு வேலை பார்க்கிற அம்மா.

"அவர் ஒரு மாதிரி இருக்காரும்மா. விரிப்பைக் கோணல் கோணலா விடுறாரு. கை நடுங்குது, பேச்சு குழறுது. ரோலர்ல கையைக் குடுத்துடுவாரோன்னு மெஷினை நிறுத்திட்டேன். குடிச்சிட்டு வந்திருக்காருன்னு சூபர்வைசர் கத்துறாரு. உங்க மூத்தாருக்கும் சொல்லி அனுப்பியாச்சு."

"அவரை உக்கார வையுங்க. நான் வர்றவரைக்கும் எதுவும் குடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தாள். "சார், கொஞ்சம் இடம் மாறிக்கலாமா?"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து வேகமாக ஓட்டி அவர் பார்த்ததில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் பயத்தில் ஒவ்வொரு வளைவிலும் காலை அழுத்த, அவளுடைய பிரேக் அவளுக்கே எதிராக வேலை செய்தது. வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது.

"சார், காலை மேல தூக்கி வச்சுக்கோங்க."

"எங்கம்மா வைக்கிறது?"

"சீட்டு மேல."

கண்ணாடிக் கடைக்காரர் சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். ஆலை வரும்வரை அப்படியே இருந்தார்.

உள்ளே நீராவியும் சோப்பு வாசனையுமாக இருந்தது. மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சில் மடிப்பை உட்காரவைத்திருந்தார்கள். மூத்தார் முந்திக்கொண்டு வந்துவிட்டிருந்தார். கையில் டயர் கறுப்பு அப்படியே இருந்தது. தம்பியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கே எழுந்து ஓடிவிடுவானோ என்ற பிடி. ஓடுகிற நிலையில் அவன் இல்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சட்டையில் வாந்தி. அவளைப் பார்த்து ஏதோ சொன்னான். சொல் வாய்க்குள்ளேயே உருண்டது.

"திரும்ப வந்துடுச்சும்மா," என்றார் மூத்தார். குரல் உடைந்திருந்தது. "கண்ணைப் பாரு. அதே கண்ணு. மாத்திரையை ஏமாத்தியிருக்கான். அந்த மனநல ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிடுவோம், அவங்களுக்கு இவனைத் தெரியும். போறதுக்கு முன்னாடி விட்ட மாத்திரையைக் குடுத்துடலாம்."

தம்பியின் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்து இரண்டை உள்ளங்கையில் கொட்டியிருந்தார். சூபர்வைசர் தண்ணீர் டம்ளரோடு நின்றார்.

அவள் கை முன்னால் போய் மூத்தாரின் கையை மூடியது. மாத்திரைகள் அவர் கைக்குள்ளேயே நின்றன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கையை அவள் தொட்டது அதுதான் முதல்தடவை.

"கொஞ்சம் இருங்க மாமா. பார்த்துட்டுக் குடுக்கலாம்."

சட்டைக் கையை உயர்த்திப் போனை வைத்தாள். இரண்டு புள்ளி நாலு.

"அன்னைக்கும் இப்படித்தானே காட்டுச்சு?" என்றார் மூத்தார். "அஞ்சு, ஆறுன்னு. அப்புறம் ஒண்ணுமில்ல. வியர்வையில அது கெட்டுப்போயிருக்கும்மா. பொத்தானை நம்பி இவனை விட்டுடாதே."

அவர் சொன்னது தப்பில்லை. அவளுக்கும் அதே சந்தேகம்தான். முந்தானையால் அவன் தோளைத் துடைத்தாள். பொத்தானின் ஓரத்தை நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். எங்கும் பிய்யவில்லை, தோலோடு தோலாக இருந்தது. மறுபடி வைத்தாள். அதே எண். நர்சுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை வைத்தபோது இரண்டு புள்ளி ஐந்து.

ரோலர் நின்றுவிட்ட கூடத்தில் எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பான பக்கம் போனால் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். வியாதி திரும்பியிருந்து அவள் தடுத்தால், நாளைக்கு அவன் மாடியிலிருந்து குதித்தாலும் குதிப்பான். வியாதி இல்லாமல் இருந்து அங்கே கூட்டிப்போனால், மாத்திரையை நிறுத்தினவன் என்று சொல்லி இன்னும் மாத்திரை கொடுப்பார்கள். அவனுக்கே வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. நாலு ஆளாக இருந்தவனை அவள் கண்ணால் பார்த்திருந்தால் சட்டென்று தெரிந்திருக்கும். அவள் பார்த்ததில்லை. பார்த்தவர் எதிரே நிற்கிறார்.

"மாமா, நான் கேக்குறதுக்கு யோசிச்சு பதில் சொல்லுங்க. அன்னைக்கு அவர் எப்படி இருந்தார்?"

"எப்படி இருந்தான்னா? நான் சொல்லியிருக்கேனே."

"விரிப்புக் கதை வேண்டாம். உடம்பு எப்படி இருந்துச்சு? கை நடுங்குச்சா?"

மூத்தார் தம்பியின் கையைப் பார்த்தார். அது மடியில் கிடந்து தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. "இல்ல," என்றார். "கை இரும்பு மாதிரி இருந்துச்சு. மூணு பேரால பிடிக்க முடியல."

"நாக்கு குழறுச்சா?"

"குழாயைத் திறந்து விட்ட மாதிரி பேசினான். நிறுத்த முடியல."

"நடந்தாரா, தள்ளாடினாரா?"

"ஓடினான்." சொல்லிவிட்டு அவர் தம்பியின் காலைப் பார்த்தார். செருப்பு ஒன்று கழன்று கிடந்தது, கால் தரையில் இழுபட்டபடி இருந்தது. அவர் பிடி தோளில் தளர்ந்தது. "இது அப்படி இல்லதான்," என்றார் மெதுவாக. உடனே தலையை ஆட்டினார். "ஆனா வியாதி ஒரே மாதிரியே வரும்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. முதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். ரத்தம் பார்க்கட்டும்."

"ரத்தம் சரியா இருந்தா?"

"இருந்தா நீங்க சொல்ற இடத்துக்குப் போவோம். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு உள்ளங்கையிலிருந்த மாத்திரைகளை டப்பாவில் போட்டு மூடினார். "சரி, தூக்கு" என்று சூபர்வைசரிடம் சொல்லித் தம்பியின் கக்கத்தில் கையைக் கொடுத்தார்.

காரின் பின்பக்கம் அவர் மடியில் தம்பி கிடந்தான். முன்னால் கண்ணாடிக் கடைக்காரர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். "ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நிறுத்த விட மாட்டாங்கம்மா. யாராவது வண்டியில இருக்கணும்" என்றார். வழியில் நர்ஸ் கூப்பிட்டாள். வேறொரு நோயாளியோடு இருந்தாளாம். எண்ணைக் கேட்டதும் அவள் குரல் மாறியது. "மாத்திரை எதுவும் குடுக்கலையே? நல்லது. நேரா அவசரப் பிரிவுக்கு வாங்க. நான் அங்க வந்துடுறேன்."

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர். கண்ணுக்குக் கீழே கருவளையம். என்ன மாத்திரை சாப்பிடுகிறவர் என்று கேட்டுவிட்டு, குடிப்பாரா என்று கேட்டாள். இல்லை என்றாள் அவள். தோளையும் போனையும் காட்டினாள். டாக்டர் எண்ணைக் கவனமாகத்தான் பார்த்தாள்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா சோதனையில இருக்கிற கருவியை வச்சு நான் வைத்தியம் பண்ண முடியாது. ரத்தம் வரட்டும். அதுவரைக்கும் உப்புத்தண்ணி ஏத்துறேன். அது எப்படியும் நல்லதுதான்."

ரத்தம் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வற்றிப்போன உடம்பில் நரம்பு எங்கே தெரியப்போகிறது? ஒரு கை, மறு கை, புறங்கை. மடிப்பு கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தான். மூத்தார் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். கடைசியில் பெரிய டாக்டர் ஒருவர் வந்து தொடையிடுக்கில் எடுத்தார்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாரா? இந்த ஒரு வாரத்துல?" என்று டாக்டர் கேட்டாள்.

"இல்ல," என்றாள் அவள்.

"இடுப்பு வலிக்கு," என்றார் மூத்தார்.

அவள் திரும்பினாள். அவர் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். முக்கால்வாசி காலி. "வலியில துடிச்சான். எனக்கு இடுப்பு பிடிச்சா இதைத்தான் போடுவேன், கேக்கும். ஒரு அட்டை வாங்கிக் குடுத்தேன். தினமும் கடைக்கு வந்து போட்டுட்டுப் போவான். உன்கிட்ட சொன்னா நீ திட்டுவேன்னு என்கிட்டயே வச்சிருக்கச் சொன்னான்."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தாள். "லித்தியம் சாப்பிடுறவங்களுக்கு இதைக் குடுக்கவே கூடாது. லித்தியத்தை வெளியே போக விடாம இது உள்ளயே தேக்கிடும். வயித்துப்போக்கும் வெயிலும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம்." கடிந்துகொள்ளவில்லை, எழுதிக்கொண்டே போய்விட்டாள்.

மூத்தார் அங்கேயே நின்றார். டயர் கறுப்புப் படிந்த கையால் முகத்தைத் துடைக்க, நெற்றியெல்லாம் கறுப்பானது. அவளுக்கு ஒரு நிமிஷம் அவரைப் பார்க்கவே முடியவில்லை. பத்துப் பேருக்கு முன்னால் பைத்தியம் திரும்பிவிட்டது என்று சொன்ன மனிதர், அதற்குக் காரணமான மாத்திரையைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நின்றாரே என்று உள்ளே ஏதோ கொதித்தது. வாயைத் திறந்தால் தப்பாக வந்துவிடும்.

ரத்த முடிவுக்காகக் காத்திருந்தார்கள். நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே மடிப்புக்கு ஒருமுறை உடம்பெல்லாம் வெட்டி இழுத்தது, திரை போட்டுவிட்டார்கள். திரைக்கு அந்தப்பக்கம் ஆட்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நர்ஸ் வந்து பொத்தானில் பார்த்துவிட்டு, "ரெண்டு புள்ளி ஏழு" என்று சொன்னாள்.

அப்போதுதான் அவளுக்குத் தன்னைப் பற்றியே ஒன்று உறைத்தது. முடிவு மோசமாக வர வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். அவன் உடம்பில் விஷம் ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தால் அவன் மனசு அவனிடம்தான் இருக்கிறது. ஏறவில்லை என்றால் அவனை மறுபடி ஒரு துணியில் சுற்றிக் கொடுக்க வேண்டும். சொந்தப் புருஷனுக்கு விஷம் ஏறியிருக்கட்டும் என்று நினைக்கிற பெண்டாட்டி உலகத்தில் உண்டா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் மூத்தார் என்ன வேண்டிக்கொண்டிருந்தாரோ. அவர் உதடும் அசைந்துகொண்டுதான் இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு காவலாளி ஓடிவந்து பயிற்சிக் கார் யாருடையது என்று கேட்டான். ஆம்புலன்ஸ் வரும் வழியில் நிற்கிறதாம். அவள் எழுந்தபோது வெளியே எஞ்சின் சத்தம் கேட்டது. கண்ணாடி வழியே பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு, கழுத்தைத் திருப்பி, தூணுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே காரை ரிவர்ஸில் கொண்டுபோய்ச் சரியாக நிறுத்தினார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

டாக்டர் கையில் தாளோடு வேகமாக வந்தாள். "மூணு புள்ளி ஒண்ணு. உங்க கருவி கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டியிருக்கு. சிறுநீரகமும் திணறுது. உடனே டயாலிசிஸ் பண்ணியாகணும். நீங்க மறுபடி லித்தியம் குடுக்காம கூட்டிட்டு வந்தது…" என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டாள்.

அவள் தலையை ஆட்டினாள். வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை.

சாயங்காலம்வரை அவன் ரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்தது. மறுநாளும் செய்தார்கள். மூன்றாம் நாள் அவன் அவளை அடையாளம் கண்டு, வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, "ஆர்டர் முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"முடிஞ்சுது. கோணல் விரிப்புல ஓட்டல்காரங்க தூங்கிட்டிருக்காங்க."

வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. அது அவன் சிரிப்புதான். ஒரு ஆளின் சிரிப்பு.

மூத்தார் மூன்று நாளும் வார்டுக்குள் வரவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். எதையாவது வாங்கிவந்து நர்சிடம் கொடுத்தனுப்புவார். கடையைத் திறக்கவேயில்லை. அன்று அவள் போய்ப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"உங்களைக் கேக்குறார்."

"என்னன்னு சொல்லிட்டு உள்ள வர்றது?" என்றார். "அன்னைக்குத் துணியைப் போட்டுக் கட்டினேன். இப்ப மாத்திரையைக் குடுத்து… அவன் மேல எனக்கு என்ன பகையாம்மா?"

இந்த மூன்று நாளில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் பேசிவைத்திருந்தது எல்லாம் வேறு. அவர் தாடையில் முள்ளாக வளர்ந்திருந்த வெள்ளை மயிரைப் பார்த்தபோது அதில் பாதி போய்விட்டது. மீதியை மட்டும் சொன்னாள்.

"எனக்குக் கோவம் இருக்கு மாமா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட மறைச்சீங்க. ஆனா ஆலையில நான் கேட்டப்ப நீங்க நிஜத்தைச் சொன்னீங்க. இல்ல, ஓடினான், கை இரும்பா இருந்துச்சுன்னு. உங்க பயத்துக்குத் தோதா மாத்திச் சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? எனக்கு ஒண்ணும் தெரியாதே. பொத்தானை மட்டும் வச்சுக்கிட்டு அவ்வளவு தைரியம் எனக்கு வந்திருக்காது."

அவர் எழுந்து, குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

மடிப்பு அவரைப் பார்த்தான். "அண்ணே," என்றான். "இடுப்பு வலி போயிடுச்சு."

மூத்தார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. அவன் இடது கையில் நடுக்கம் கொஞ்சம் தங்கிவிட்டது. ரோலர் பக்கம் விட முடியாது என்றது ஆலை. இப்போது வந்து சேரும் மூட்டைகளைப் பிரித்துக் கறை பார்க்கிற வேலை. மடிக்க முடியவில்லையே என்ற வருத்தம் அவனுக்கு உண்டு. சில நாள் வீட்டுத் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஓரம் சேராமல் திரும்பத் திரும்ப உதறுவான். அவள் அந்த நேரத்தில் பக்கத்தில் போக மாட்டாள். மருந்தின் அளவைக் குறைத்தார்கள். குறைத்ததும் வியாதி தலைகாட்டுமோ என்று அவளும் அவன் சிரிப்பை எடைபோட ஆரம்பித்தாள். மூத்தார் இத்தனை வருஷம் எப்படி வாழ்ந்தார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஆய்வுக் காலம் முடிந்ததும் பொத்தானைக் கழற்றிக்கொண்டார்கள். தோலில் லேசான சிவப்பு வட்டம் இருந்தது, இரண்டு மூன்று குளியலில் போய்விட்டது. அடுத்த கட்டச் சோதனைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எப்போது என்று நர்சுக்கே தெரியவில்லை. அதுவரை பழைய ஊசிதான், ஒளியும் நரம்புதான். இப்போது அவன் சாக்குச் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, ரத்தம் எடுக்கிற நாளில் மூத்தார் காலையிலேயே வந்து வாசலில் நின்றுவிடுவார், நரம்பு தெரிய வேண்டுமென்று வழியெல்லாம் தண்ணீர் குடிக்கவைத்துக்கொண்டே கூட்டிப்போவார்.

சில நாளுக்கு முன் அவள் பாடத்தின் நடுவே இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, அவனுக்கு இருமல். கடைக்காரன் ஒரு சிரப் குடுக்கிறான். பேரைப் படிக்கிறேன், கேட்டுக்கோ."

"படிங்க மாமா," என்றாள். அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். அவள் நர்சின் எண்ணைத் தேடிக்கொண்டே, ஓட்டுகிறவரிடம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.